மூட்டுவலி வந்தால் மனமும் முடங்கலாமா?

வணிகர்களாகிய நமக்கு நோய் என்றவுடன் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான் நினைவுக்கு வரும். மூட்டுவலியை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நாள் முழுவதும் நின்றும் குனிந்தும் பிழைப்பவருக்கு முழங்கால் மடங்க மறுத்தால், அது மனதையும் பிடித்துக்கொள்கிறது.

கொடைக்கானலில் பூண்டு, உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் நமக்கு இந்த அனுபவம் உண்டு. மேடும் பள்ளமுமான ஊர். மார்கழி, தைக் குளிரில் விடியற்காலை எழுந்தால் கால் நம் சொல்லைக் கேட்காது. பூம்பாறை, மன்னவனூர் சரக்கை லாரியில் ஏறிப் பார்த்து விலை பேசிய நாம், கீழே நின்று பையன் எடுத்துக் காட்டுவதைப் பார்க்க வேண்டியதாயிற்று. வெளியில் சொல்ல வெட்கம். தெரிந்தால் விவசாயிகள் வேறு மண்டிக்குப் போய்விடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் கோபமாகி, கடைப் பையன்கள் மீதும் வீட்டில் உள்ளவர்கள் மீதும் விழுந்தது. சங்கக் கூட்டம் மாடியில் நடப்பதால், "வேலை இருக்கிறது" என்று பொய் சொல்லி ஏழெட்டு மாதம் வராமல் இருந்தோம். மண்டியை மூடிவிடலாமா என்றுகூட ஓர் இரவு கணக்குப் போட்டோம்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "தேய்ந்தது தேய்ந்ததுதான் ஐயா. வலி கூடும், குறையும். அதோடு எப்படிக் கடை நடத்துவது என்று யோசியுங்கள்" என்றார். முதலில் இடிந்துபோனோம். பிறகுதான் புரிந்தது. வாராக் கடனை நினைத்து அழுதுகொண்டிருக்கும் வியாபாரி கையிலிருக்கும் முதலையும் இழப்பான். அதைத் தள்ளி எழுதிவிட்டு, மிஞ்சியதை வைத்துத் தொழில் செய்பவன் பிழைத்துக்கொள்வான்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட் லோரிக் என்ற அம்மையார், 1970களின் இறுதியில் மூட்டுவலிக்காரர்களுக்கென்று ஒரு பயிற்சி வகுப்பை உருவாக்கினார். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். நடத்தியவர்களில் பலர் அதே நோயுள்ள சாதாரண மக்கள். 1993இல் வெளியான ஆய்வில், நான்கு ஆண்டுகள் கழித்தும் அவர்களுடைய வலி சராசரியாக 20 சதவீதமும், மருத்துவரைப் பார்க்கப் போவது 40 சதவீதமும் குறைந்திருந்தன. இத்தனைக்கும் உடலின் இயலாமை 9 சதவீதம் கூடித்தான் இருந்தது. "நம்மால் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கையே பெரிய காரணம் என்று கண்டார்கள்.

நாம் கடைப்பிடிப்பதைச் சொல்கிறோம்.

1. வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து மறுநாள் படுக்காதீர்கள். வேலையைப் பிரித்துச் செய்து, இடையிடையே உட்காருங்கள். ஒரேயடியாகப் படுத்துவிட்டாலும் தொடைத் தசை வலுவிழந்து வலி கூடும்.

2. வீட்டிலும் கடையிலும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நாம் சொன்ன பிறகு ஒரு விவசாயியும் வேறு மண்டிக்குப் போகவில்லை.

3. வலி மாத்திரையை நீங்களாக வாங்கித் தினமும் விழுங்காதீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

4. கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு. தாமதித்தால் மூட்டு கோணிவிடும்.

5. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் அதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

மலைக்குக் கீழே பழனியில் 693 படிகள். ஏற முடியாதவர்களுக்காக 1966இல் விஞ்ச் வந்தது, 2004இல் ரோப்கார் வந்தது. அதில் போகிறவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. நாம் மட்டும் ஏன் ஊன்றுகோலை மறைக்க வேண்டும்?

நிறைவாக இரண்டு வேண்டுகோள். மேடேறி வரும் வயதான வாடிக்கையாளர் உட்கார, ஒவ்வொரு கடையிலும் ஒரு முக்காலி போடுங்கள். சங்க நிர்வாகிகள் மாதக் கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வைத்தால், "வேலை இருக்கிறது" என்று சொல்லும் இன்னும் சிலரும் வந்துவிடுவார்கள்.