குடும்பத் தலைமை ஏற்ற சிரிய அகதிப் பெண்கள்

சிரியாவில் 2011-இல் தொடங்கிய போர் பல லட்சம் பேரை ஜோர்டான், லெபனான் உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கு விரட்டியது. கணவர் இறந்தோ, காணாமல் போயோ, சிறைப்பட்டோ, ஊரிலேயே தங்கியோ போனதால், எகிப்து, லெபனான், ஈராக், ஜோர்டான் ஆகிய 4 நாடுகளில் நான்கில் ஒரு சிரிய அகதிக் குடும்பத்தைப் பெண்ணே தாங்குவதாக 2014-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் தெரிவித்தது. அத்தகைய குடும்பங்கள் 1,45,000-க்கும் மேல்.

வாடகை பேசுவது, நிவாரண வரிசையில் நிற்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது என ஆண்கள் பார்த்துவந்த வேலைகள் ஒரேயடியாக இவர்கள் தலையில் விழுந்தன. சமையலும் பிள்ளை வளர்ப்பும் குறையவில்லை. இரட்டைச் சுமை இப்படித்தான் உருவாகிறது. அதோடு தனியாக வாழும் பெண் என்ற அச்சமும், அயலாரின் பார்வையும், வீட்டு உரிமையாளரின் தொல்லையும் சேரும்போது தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு பெருகுகின்றன. ஊரில் ஆறுதல் தந்த தாயும் சகோதரிகளும் புகலிட நாட்டில் பலருக்கு அருகில் இல்லை. இதுவும் ஒரு பெரிய இழப்பு.

கணவர் உடனிருக்கும் வீடுகளிலும் நிம்மதி உறுதியில்லை. வேலையிழந்த ஆணின் அவமான உணர்வு பல இடங்களில் வன்முறையாகிறது. வறுமைக்கும் பாதுகாப்பின்மைக்கும் அஞ்சி மகள்களைச் சிறுவயதிலேயே மணமுடித்துவிடும் பெற்றோரும் உண்டு.

ஆனால் சொந்தமாகச் சம்பாதித்து முடிவெடுக்கும் பெண்ணுக்குத் தன்னம்பிக்கையும் வருகிறது. அதற்கான வாய்ப்போ குறைவு: ஜோர்டான் 2016 முதல் சிரிய அகதிகளுக்கு வேலை அனுமதியை எளிதாக்கியபோதும் அதில் பெண்கள் பெற்றது சிறு பங்கே. குழந்தைப் பராமரிப்பும் பாதுகாப்பான போக்குவரத்தும் இல்லாமல் அனுமதிச் சீட்டால் மட்டும் என்ன பயன்? வீட்டிலிருந்தே தைத்தும் சமைத்தும் விற்பதே பலருக்கு வாய்த்த வழி.