புதுச்சத்திரத்தில் கைமாறும் பின்னல்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏறத்தாழ 45 கி.மீ. பஸ்ஸுக்கு இதெல்லாம் ஒரு தூரமா? ஒளித்துகளுக்குத் தூரம்தான். நல்ல கண்ணாடி இழையிலேயே 15 கி.மீ.க்கு ஒருமுறை ஒளி பாதியாகிவிடுகிறது. கடலூரில் எட்டுத் துகள்களை ஏற்றிவிட்டால் சிதம்பரத்தில் இறங்குவது சராசரியாக ஒன்று. கடலூரிலிருந்து சென்னை வரை, சுமார் 180 கி.மீ. இழுத்தால் நாலாயிரத்துக்கு ஒன்று.

டெலிபோன் கம்பெனி இதற்கு அசராது. வழியில் பெருக்கிகளை வைத்துவிடும். இரண்டு துகள்களின் நிலைகள், அவை பிரிந்திருந்தாலும், ஒன்றோடொன்று பிணைந்தே இருப்பதற்குக் குவாண்டம் பின்னல் என்று பெயர். அந்தப் பின்னலில் இருக்கும் துகளிடம் பெருக்கி வேலை பலிக்காது. முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க முடியாது என்று 1982இலேயே நிரூபித்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் வழி, பின்னலைக் கைமாற்றுவது.

நடுவழியில், புதுச்சத்திரத்தில், ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடலூரில் பின்னிய துகள் ஜோடி ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று. ஜோடிக்கு ஒரு துகள் ஊரிலேயே தங்க, மற்றது புதுச்சத்திரம் வருகிறது. வந்த இரண்டையும் சேர்த்து ஒரே அளவீடு செய்தால், ஒன்றையொன்று சந்தித்தே இராத கடலூர்த் துகளும் சிதம்பரத் துகளும் பின்னிக்கொள்கின்றன. இதை 1998இல் இன்ஸ்புருக் நகரில் செய்து காட்டியவர்கள், 2022இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆன்டன் ஜெய்லிங்கரின் குழுவினர்.

ஒரு சங்கடம். இரண்டும் ஒருசேர வந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு பழையபடி எட்டில் ஒன்று! முதலில் வந்தது அடுத்தது வரும்வரை உட்கார ஒரு திண்ணை இருந்தால்தான் லாபம். அந்தத் திண்ணைக்குப் பெயர் குவாண்டம் நினைவகம்.

வந்த துகளின் நிலையை வாங்கி வைத்துக்கொள்ளும் நினைவகத்து அணுவும் தன் ஆற்றலைச் சுற்றுப்புறத்துக்கு விட்டுக்கொண்டேதான் இருக்கும். அத்தகைய இழப்புகளுக்கான பொதுச் சமன்பாட்டை 1976இல் கோரினி, கோசகோவ்ஸ்கி ஆகியோரோடு சேர்ந்து எழுதியவர் இ.சி.ஜி. சுதர்சன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். பிற்பாடு தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். அதே ஆண்டு சுவீடனில் லிண்ட்பிளாடும் தனியாக அதையே எட்டினார்.

டபராவில் காபி ஆறுவதுபோல ஆற்றல் மெல்ல மெல்லத்தான் வடிகிறது. பின்னல் அப்படியல்ல, சில நிலைகளில் குறித்த ஒரு கணத்தில் அடியோடு அறுந்துவிடும் என்று 2004இல் யூ, எபர்லி இருவரும் காட்டினார்கள். ‘திடீர் மரணம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

போன பின்னல் எங்கே போயிற்று? 2008இல் லோபெஸ் குழுவினர் ஒளியை அடைத்துவைக்கும் இரண்டு பெட்டிகளை வைத்துக் கணக்கிட்டனர். ஒவ்வொன்றும் தன்தன் சுற்றுப்புறத்தில் கசிகிறது. பெட்டிகளுக்கிடையே பின்னல் சாக, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத அந்த இரண்டு சுற்றுப்புறங்களுக்கிடையே பின்னல் பிறக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சாவுக்கு முன்பே பிறப்பு நடக்கலாம். வெகுநேரம் கழித்தும் நடக்கலாம். அந்த இடைவெளியில் பெட்டி ஜோடியிலும் பின்னல் இல்லை, சுற்றுப்புற ஜோடியிலும் இல்லை.

இத்தனை சங்கடம் இருந்தும், அந்தத் திண்ணையை இந்தியாவும் தேடுகிறது. 2023இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தின் மதிப்பு ரூ.6,003.65 கோடி. அதில் தகவல் தொடர்புப் பிரிவின் மையம் சென்னை ஐஐடி. நகரங்களுக்கிடையே 2,000 கி.மீ. தூரத்துக்கு ரகசியக் குறியீடு அனுப்புவதும், நினைவகங்கள் கொண்ட வலையமைப்பும் இயக்கத்தின் இலக்குகளில் அடக்கம். ஒரே இழையில் அவ்வளவு தூரம் என்றால், ஒளி 133 முறை பாதியாக வேண்டியிருக்கும்.