கடனை ஆளும் கல்வி

தமிழிற் 'கடன்' என்னுஞ் சொல் இருபொருள் தருவது. பிறனிடத்துப் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவன் செய்தே ஆகவேண்டிய செயலும் கடன். நேர்த்திக்கடன், நீத்தார்கடன் என்னும் வழக்குகள் இன்றும் மக்கள் நாவில் உள்ளன. மனிதன் தேவர்க்கும் முனிவர்க்கும் பிதிரர்க்குங் கடன்பட்டே பிறக்கின்றான் என்பது வைதிக மரபு. ஆகவே கடன்படுதல் தன்னளவில் இழிவன்று; அளவறிந்து ஏற்பதும் முறைப்படி இறுப்பதுமே அதன் ஒழுக்கமாகும். ஆயின் அவ்வளவை அறியும் வழியைப் பள்ளிக்கூடம் பெரும்பாலுங் கற்பிப்பதில்லை. பதினெட்டு வயது நிறைந்த இளைஞன் கடன்முறியிற் கையொப்பமிடச் சட்டம் இடந்தருகின்றது. அம்முறியைப் படித்துணரும் பயிற்சியோ அவனுக்கு வாய்ப்பதில்லை.

மத்திய மாகாணத்தைச் சேர்ந்த மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் பல்லேபொல ஒன்று. மாத்தளைச் சீமை நெல்லுக்கும் மிளகு முதலிய வாசனைப் பயிர்களுக்கும் பேர்பெற்றது. இத்தகைய நாட்டுப்புறத்தில் வருவாய் பருவத்தைப் பற்றி வருவது. செலவோ நாள்தோறும் நிகழ்வது. பெரும்போகமும் சிறுபோகமும் நெல்லைத் தரும் வரையும், மிளகு பழுத்து உலரும் வரையும் அடுப்பு எரிந்தே ஆகவேண்டும். பிள்ளைகள் பள்ளி சென்றே ஆகவேண்டும். இவ்விடைவெளியை நிரப்புவது கடன். அதனால், கடனே வேண்டாம் என்னும் அறிவுரை நாட்டுப்புறத்தானுக்குப் பயன்படுவதன்று. எக்கடன் தன்னைத் தானே தீர்த்துக்கொள்ளும், எக்கடன் மற்றொரு கடனைப் பெறும் என்று பகுத்தறியும் ஆற்றலே அவனுக்கு வேண்டுவது. விதைக்கும் உரத்திற்கும் பெற்ற கடன் அறுவடையில் தீரக்கூடும். விழாவிற்கும் ஆடம்பரத்திற்கும் பெற்ற கடனைத் தீர்க்க வேறொரு வருவாயைத் தேடவேண்டும்.

கடனின் கணக்கு கடனாளியின் கையில் இல்லாதபோது விளையுந் தீங்கிற்கு மாத்தளையோடு தொடர்புடைய வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காட்டுவழியே நடந்து தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழிச்செலவும் முற்பணமும் தோட்டத்திற் கால்வைக்கு முன்னரே அவர்கள்மீது கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்பவருக்குத் 'துண்டு' என்னுஞ் சீட்டொன்று வழங்கப்பட்டது. அதிற் குறித்த கடனைப் புதிய தோட்டம் செலுத்தித் தொழிலாளியை ஏற்றுக்கொள்ளும். தோட்டம் மாறியது, கங்காணி மாறினான், கடன் மட்டும் மாறவில்லை. எழுத்தறியாதார் தம் கணக்கைத் தாமே சரிபார்க்க வழியின்றியிருந்தனர். இம்முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

கடனையே விடுதலைக்குக் கருவியாக்கிய முயற்சியும் இத்தீவில் உண்டு. ஜெர்மனி நாட்டில் ரைஃபைசன் என்பார் 1864இல் உழவர்க்கென நிறுவிய கடன் சங்கத்தின் கொள்கை உலகெங்கும் பரவியது. கண்டிச் சீமையின் தும்பறைப் பகுதியில் 1906இல் அத்தகைய சங்கமொன்று முளைத்தது. 1911இல் கூட்டுறவுக் கொடுகடன் சங்கங்களுக்கெனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நாளடைவிற் தளர்ந்த இவ்வியக்கத்தைக் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த பீ. ஏ. கிரிவந்தெனிய 1978 முதல் புதுப்பித்தார். அது 'சணச' என்னும் பெயரால் அறியப்பட்டது. முதலிற் சேமித்தல், பின்னர்க் கடன் பெறுதல், கடனின் நோக்கத்தை அயலார் அறிந்திருத்தல் என்னும் மூன்றும் அதன் அடிப்படை. அயலானின் சேமிப்பே தன் கையிற் கடனாக வந்தது என அறிந்தவன் அதனை எளிதில் வீணாக்கான்.

பிற்காலத்து நுண்கடன் இயக்கமும் நல்ல நோக்கத்துடன் தோன்றியதே. வங்காள தேசத்தில் முகம்மது யூனுஸ் 1976இற் தொடங்கிய முயற்சி 1983இற் கிராமீன் வங்கியாக உருப்பெற்றது. ஈடு கொடுக்க இயலாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது அதன் முறை. அம்முறை இலங்கையிற் பரவியபோது சேமிப்பு என்னும் அடித்தளம் பலவிடங்களிற் கைவிடப்பட்டது. கடன் மட்டும் வீட்டுவாயில் தேடி வந்தது. ஒரு நிறுவனத்தின் தவணையைச் செலுத்த மற்றொன்றிற் கடன்பெறும் நிலை உண்டாயிற்று. நுண்நிதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2016இல் வந்தது. வறட்சியுற்ற பன்னிரு மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவிற்கு மேற்படாத கடன் நிலுவைகளைத் தீர்க்க 2018இல் அரசு முன்வந்தது. மாத்தளையின் மேற்கெல்லையில் உள்ள குருநாகல் மாவட்டம் அப்பட்டியலில் இடம்பெற்றது, மாத்தளை இடம்பெறவில்லை. மாவட்ட எல்லை கடனின் எல்லையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் 2021இற் கடனாற் துன்புற்ற பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர்.

இத்துன்பத்தின் வேரிற் கிடப்பது எளிய கணக்கொன்று. ஒருவர் 60,000 ரூபா கடன் பெறுகின்றார் எனக் கொள்க. வட்டி நூற்றுக்கு 20 எனக் கூறப்படுகின்றது. ஓராண்டு வட்டி 12,000 ரூபா, மொத்தம் 72,000, மாதந்தோறும் 6,000 வீதம் பன்னிரு தவணை. பார்வைக்கு இதிற் பிழையில்லை. ஆயினும் 60,000 ரூபாவும் அவர் கையில் ஆண்டு முழுவதும் இருக்கவில்லை. ஒவ்வொரு தவணையிலும் முதலிற் பங்கு திரும்பிச் செல்கின்றது. இறுதித் திங்களில் அவர் கையில் எஞ்சுவது ஏறத்தாழ 5,000 ரூபாவே. அங்ஙனமிருந்தும் வட்டி முழுத் தொகைக்கே கணிக்கப்பட்டுள்ளது. குறைந்து செல்லும் நிலுவைக்கேற்பக் கணித்தால் உண்மையான வட்டி நூற்றுக்கு 35க்கு மேற்படும். சொன்ன வட்டி 20. கொடுத்த வட்டி 35. இவ்வேறுபாட்டை அறிந்தவன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: 'வட்டி குறைந்து செல்லும் நிலுவைக்கா, தொடக்கத் தொகைக்கா?'

கடனட்டை கைக்கொண்ட இளைஞனுக்கு வேறொரு கணக்கு உண்டு. நிலுவை ஓர் இலட்சம் ரூபா. ஆண்டு வட்டி நூற்றுக்கு 24. மாதந்தோறுஞ் செலுத்தவேண்டிய மிகக் குறைந்த தொகை நூற்றுக்கு 5 எனக் கொள்க. அவன் செலுத்தும் 5,000 ரூபாவில் 2,000 வட்டிக்கே போகின்றது. முதலிற் குறைவது 3,000 மட்டுமே. அம்மாதத்தில் 3,000 ரூபாவிற்குப் புதிய பொருள் வாங்கினால் கடன் இருந்தவிடத்திலேயே இருக்கும். மிகக் குறைந்த தொகையைச் செலுத்துதல் கடனைத் தீர்க்கும் வழியன்று. அதனைத் தாமதப்படுத்தும் வழியேயாம்.

பிணையொப்பமும் இளைஞர் எளிதிற் சறுக்கும் இடமாகும். நண்பனுக்காகக் கையொப்பமிடுதலை அன்பின் அடையாளமெனக் கருதுவோர் பலர். முதலிற் கடனாளியிடங் கேட்டுப் பின்னரே தன்னிடம் வரவேண்டும் என்று கூறும் உரிமை பிணையாளிக்குச் சட்டத்தில் உண்டு. ஆனால் அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கூறும் வாசகம் அச்சிட்ட முறிகளிற் பெரும்பாலும் அமைந்திருக்கும். அதன்மேற் கையொப்பமிட்டவன் பிறன் கடனைத் தன் கடனாகவே ஏற்றவனாகின்றான்.

1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தைப் பற்றியுந் தவறான எண்ணம் பரவியுள்ளது. அது குற்றவாளிகளின் பட்டியல் என்று அஞ்சுவோர் உளர். உண்மையில் ஒழுங்காகச் செலுத்திய தவணையும் அங்கே பதிவாகும், தவறியதும் பதிவாகும். கடன் கொடுப்பதா மறுப்பதா என்னும் முடிவு பணியகத்தினதன்று, நிறுவனத்தினது. தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே கேட்டுப்பெற்றுச் சரிபார்க்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு. நற்பெயரை ஈட்ட வேண்டும் என்னும் பழைய அறம் இன்று இவ்வேட்டிலும் எழுதப்படுகின்றது.

இவற்றைக் கற்பிக்கத் தனிப்பாடம் வேண்டுவதில்லை. எண்கணித வகுப்பில் தவணைக் கணக்கையும், மொழி வகுப்பிற் கடன்முறியின் வாசகத்தையும் படிப்பிக்கலாம். மொத்தத்தில் எவ்வளவு திருப்பித் தரவேண்டும், தவணை தவறினால் யாது நேரும், எது ஈடாகின்றது, முன்கூட்டியே தீர்க்க இயலுமா என்னும் நான்கு வினாக்களையும் மாணவன் வீட்டிற்குக் கொண்டுசெல்வானாயின் அவன் பெற்றோரும் பயன்பெறுவர். வரவு செலவை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் இவையனைத்திற்கும் முதற்படி.

எனினும் கல்வி மட்டும் எல்லாவற்றையும் நேராக்கிவிடும் என்று கொள்ளுதலும் பொருந்தாது. 2022இன் நெருக்கடியில் வட்டியும் விலைவாசியும் ஒருங்கே உயர்ந்தபோது கணக்கறிந்தோரும் துன்புற்றனர். பசித்தவன் வட்டியை ஒப்பிட்டுப் பார்த்துக் கடன்பெறுவதில்லை. ஆதலின் மறைவற்ற வட்டியைக் கூறச்செய்யுஞ் சட்டமும், முறையீட்டைக் கேட்கும் அலுவலகமும், அயலிலே சேமிப்புச் சங்கமும் கல்வியோடு உடன் நிற்கவேண்டும். நுகர்வோரைக் காக்கும் ஒழுங்குவிதிகளை மத்திய வங்கி 2023இல் வெளியிட்டமை இவ்வழியில் ஓர் அடி. கடன் பெற்றவனுக்கு இறுக்குங் கடன் உண்டு. கொடுப்பவனுக்கு உண்மை உரைக்குங் கடன் உண்டு. கற்றோர்க்கோ கல்லாதார் கையொப்பமிடுமுன் அம்முறியைப் படித்துக்காட்டுங் கடன் உண்டு. பல்லேபொல போன்ற ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒவ்வொரு மாணவனும் இம்மூன்றாவது கடனை இறுக்கத் தக்கவனே.