தடவிப் படிக்கவும் பர்மிஷனா?

ஒரு சின்னக் கற்பனை. சம்பளத் தேதி. பாக்கெட்டில் நோட்டு இருக்கிறது. புத்தகக் கடைக்குள் நுழைந்து ஒரு புத்தகத்தை எடுக்கிறீர்கள். கடைக்காரர், ‘‘பணமெல்லாம் அப்புறம் சார். முதல்ல, இதை நீங்க படிக்கலாம்னு பப்ளிஷர்கிட்டேர்ந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க’’ என்கிறார். என்ன செய்வீர்கள்?

மனுஷனுக்கு வீட்டில் ஏதோ பிரச்னை என்று பரிதாபப்பட்டு அடுத்த கடைக்குப் போவீர்கள். அங்கேயும் அதே பதில். ஊரில் உள்ள அத்தனை கடையிலும் அதே பதில் என்றால்?

சிரிக்காதீர்கள். பார்வையில்லாதவர்களுக்குப் பல நாடுகளில் பல வருஷம் இதுதான் நிலைமை.

காரணம், காப்பிரைட். ஒரு புத்தகத்தைப் பிரெய்லில் மாற்றுவது, குரல் கொடுத்துப் பதிவு செய்வது, கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும்படி டைப் அடித்து வைப்பது... எல்லாமே சட்டத்தின் பார்வையில் ‘காப்பி எடுப்பது’தான். (பார்வை யாருக்கு இருக்கிறது, பாருங்கள்!) எழுதியவரின் அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்.

நம் ஊரிலும் 2012 வரை இதே கதைதான். அந்த நாளில் எனக்கு ஒரு நண்பர். பார்வை கிடையாது. டெலிபோன் ஆபரேட்டர். ஆபீஸின் அத்தனை எக்ஸ்டென்ஷன் நம்பரும் விரல் நுனியில். எந்த மேனேஜர் என்ன மூடில் இருக்கிறார் என்பதை ‘ஹலோ’விலேயே சொல்லிவிடுவார். லீவு கேட்கப் போகிறவர்கள் எல்லாம் முதலில் அவரிடம்தான் போவார்கள்!

அவருக்குப் பிரமோஷன் பரீட்சை எழுத ஆசை. பாடப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினார். கையில் வைத்துப் புரட்டி, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘‘புது பேப்பர் வாசனை நல்லாத்தான் இருக்கு சார். வாசனையைப் பரீட்சையில எழுத முடியாதே!’’

பதிவு செய்து தர ஒரு சேவை நிலையம் தயாராக இருந்தது. ஆனால் அனுமதி வேண்டும். பப்ளிஷருக்குக் கடிதம் போட்டார்கள். ஞாபகமூட்டல் கடிதமும் போட்டார்கள். மூன்று மாதமாகியும் ‘முடியாது’ என்றுகூட பதில் இல்லை. நாங்கள் நாலு பேர் முறை வைத்துக்கொண்டு, மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் அவருக்கு வாசித்துக் காட்டினோம். பாதிப் புத்தகம் முடிவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. எட்டு மார்க்கில் போயிற்று.

பப்ளிஷர்களுக்கும் ஒரு பயம் உண்டு. கம்ப்யூட்டர் காப்பி ஒன்று வெளியே போனால், நாளைக்கே பிளாட்பாரத்தில் பாதி விலைக்கு வந்து நிற்குமே? எழுதியவன் வயிறு என்னாவது? அதுவும் நியாயம்தான். எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் யாராவது உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ண வேண்டும். அதுவும் நாடுகள் அளவில்.

ஏனென்றால் இன்னொரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. ஸ்பெயினில் பார்வையற்றோர் சங்கத்திடம் ஸ்பானிஷ் பிரெய்ல் புத்தகங்கள் ஏராளம். அதே மொழி பேசுகிற தென் அமெரிக்க நாடுகளில் படிக்க ஆள் உண்டு, புத்தகம் இல்லை. அனுப்பலாம் என்றால் காப்பிரைட் சட்டம் ஒவ்வொரு நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. ஒரு நாட்டுச் சட்டத்தின் சலுகையில் செய்த காப்பி, எல்லை தாண்டினால் கள்ளச் சரக்கு! அதனால் ஒரே புத்தகத்தை ஒவ்வொரு நாட்டிலும் முதலிலிருந்து திரும்பத் திரும்பச் செய்தார்கள். பக்கத்து வீட்டில் மாவு பொங்கி வழிகிறது, நாம் இங்கே உரலைக் கழுவிக்கொண்டிருக்கிறோம் என்கிற மாதிரி.

நாடுகள் கூடி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆறு புள்ளிகளில் எழுத்துக்களை அடக்கியவர் லூயி பிரெய்ல் என்ற பிரெஞ்சுக்காரர். சின்ன வயதிலேயே பார்வையை இழந்தவர். இந்தியாவுக்கு அந்தப் புள்ளிகள் வந்து சேர்ந்தபோது, ஆளாளுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு ஊரில் படித்தவருக்கு இன்னொரு ஊர்ப் புத்தகம் புரியாது. 1949ல் இந்திய அரசு, ‘நீங்கள் கொஞ்சம் தீர்த்து வையுங்களேன்’ என்று யுனெஸ்கோவிடம் போய் நின்றது. நிபுணர்கள் கூடிப் பேசி, 1951ல் ‘பாரதி பிரெய்ல்’ முடிவானது.

அதன் அழகைப் பாருங்கள். தமிழ் ‘க’வுக்கு என்ன இரண்டு புள்ளியோ, இந்தி ‘க’வுக்கும் அதேதான். இங்கிலீஷ் ‘கே’வுக்கும் அதேதான்! மொழிச் சண்டையே இல்லாத ஒரே லிபி இதுவாகத்தான் இருக்கும்.

சரி, காப்பிரைட் பஞ்சாயத்துக்கு வருவோம். ஜெனிவாவில் ‘வைப்போ’ என்று ஓர் ஐ.நா. அமைப்பு இருக்கிறது. பெயரைக் கேட்டு டெபாசிட் வாங்கிக்கொண்டு ஓடிப்போகிற கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு. எழுத்தாளர், இசையமைப்பாளர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகளைப் பாதுகாக்கிற சபை.

2009ல் உலகப் பார்வையற்றோர் யூனியன் தயாரித்த ஒரு வரைவை பிரேசில், ஈக்வடார், பராகுவே ஆகிய மூன்று நாடுகளும் அங்கே கொண்டுபோய் வைத்தன. ‘எங்களுக்கு இருப்பது புத்தகப் பஞ்சம்’ என்றார்கள் பார்வையற்றோர். வெளியாகும் புத்தகங்களில் நூற்றுக்குப் பத்துகூட அவர்கள் படிக்கும் வடிவத்தில் வருவதில்லை என்பது அவர்கள் சொன்ன கணக்கு. மறுபக்கம் காப்பிரைட் கம்பெனிகளுக்குக் கவலை. இன்றைக்கு இவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தால், நாளைக்கு யார் யாரோ நுழைவார்களே! புத்தகத்துக்கும் தங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவிடாமல் ஹாலிவுட் சினிமாக்காரர்களும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

2010ல் ஜெனிவாவுக்கு ஒருவர் வந்தார். ஸ்டீவி வொண்டர். அமெரிக்கப் பாடகர், பார்வையற்றவர். ஒழுங்காகப் பேசி முடியுங்கள், இல்லையென்றால் நீங்கள் செய்யாமல் விட்டதைப் பற்றி நான் ஒரு பாட்டே எழுத வேண்டியிருக்கும் என்று பிரதிநிதிகளிடம் செல்லமாக மிரட்டிவிட்டுப் போனார். இந்த ரகக் கோரிக்கைக்கு எந்த யூனியன் தலைவரும் பிச்சை வாங்க வேண்டும்!

2013 ஜூன் மாதம், மொராக்கோ நாட்டின் மராக்கெஷ் நகரம். இரவு பகலாக இழுபறி. கடைசியில் ஜூன் 27ஆம் தேதி ஒப்பந்தம் நிறைவேறியது. முடித்துவிட்டால் நேரில் வந்து பாடுவேன் என்று ஸ்டீவி வொண்டர் வாக்குக் கொடுத்திருந்தார். வந்தார், பாடினார்.

ஒப்பந்தத்தின் சாரம் இரண்டே வரி. ஒன்று: லாப நோக்கமில்லாத, அங்கீகாரம் பெற்ற அமைப்புகள், எழுதியவரின் அனுமதிக்குக் காத்திராமல் பிரெய்லிலோ, ஒலி வடிவிலோ புத்தகம் செய்யலாம். இரண்டு: செய்த புத்தகத்தை, ஒப்பந்தத்தில் சேர்ந்த வேறு நாட்டுக்கும் அனுப்பலாம். பார்வையற்றவர் மட்டுமில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத குறை உள்ளவர், கை வழங்காமல் புத்தகத்தைப் பிடிக்க முடியாதவர் எல்லோருக்கும் உண்டு. மற்றவர்களுக்குக் கிடையாது, எழுதியவரின் உரிமை அப்படியே இருக்கிறது. உரிமைக்குப் பூட்டுப் போடவே பிறந்த சபை, படிக்கிறவனுக்கும் ஒரு சாவி செய்து கொடுத்தது.

இதை முதன்முதலாக உறுதி செய்து கையெழுத்திட்ட நாடு எது தெரியுமா? காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். இந்தியா. 2014 ஜூன். 2012லேயே நம் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி வைத்திருந்ததால் சுலபமாகப் போயிற்று. இருபது நாடுகள் சேர்ந்தால்தான் அமலுக்கு வரும் என்பது விதி. இருபதாவதாக 2016ல் கனடா வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதி அமல். ஐரோப்பிய யூனியன் 2018லும், அமெரிக்கா 2019லும்தான் உறுதி செய்தன. ஒரு விஷயத்திலாவது அவர்கள் நமக்குப் பின்னால் க்யூவில் நின்றார்கள்!

கையெழுத்தோடு ‘வைப்போ’ ஃபைலை மூடிவிடவில்லை. 2014ல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கி, பல நாட்டு நூலகங்கள் தங்களிடம் உள்ளதை ஒரே பட்டியலில் தேடி வாங்கிக்கொள்ள வழி செய்தது. பட்டியலில் இப்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள். இந்தியாவிலும் 2016ல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் வந்தது.

ஆக, பஞ்சம் தீர்ந்ததா? இல்லை. ஒப்பந்தம் அனுமதி கொடுக்கும். புத்தகத்தைச் செய்து கொடுக்காது. ஜெனிவாவிலிருந்து யாரும் வந்து தமிழ்ப் புத்தகத்துக்கு ப்ரூஃப் பார்க்கப் போவதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும். பழைய தமிழ்ப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்தால், அது வெறும் படம். எழுத்தாக மாற்றினால்தான் குரல் படிக்கும். மாற்றுகிற சாஃப்ட்வேருக்குத் துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் அடிக்கடி வித்தியாசம் தெரிவதில்லை. ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிவிடுகிறது.

டெலிபோன் ஆபரேட்டர் நண்பர் ரிடையராகிவிட்டார். இப்போது நாள் முழுக்க ஹெட்போனில் நாவல்தான். போன மாதம் போனில் கேட்டார்: ‘‘ஏன் சார், இந்தக் கதையில யாரு சார் அந்த கரலம்? எல்லா அத்தியாயத்துலயும் வரான், ஒரு டயலாக்கூட பேச மாட்டேங்கறான்!’’

இப்படித் திருத்த வேண்டிய பக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. தன்னார்வலர்களைத் தேடுகிற பார்வையற்றோர் அமைப்புகளும் இருக்கின்றன. ஆபீஸில் தினம் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு அரை மணி நேரம், ஒரு நாலு பக்கம் பெரிய விஷயமில்லை. ‘ர’வை அழித்துத் துணைக்கால் போடத் தெரிந்தால் போதும். யாரிடமும் பர்மிஷன் லெட்டர் வாங்க வேண்டாம்!