விளக்கு சொல்வது மெய்தானா?



ஆலயத்தில் நற்கருணைப் பேழையருகே சிறு விளக்கொன்று எரிவதைக் காண்கிறோம், கண்டதும் முழந்தாளிடுகிறோம். பெரிய வெள்ளியன்று பேழை வெறுமையாய் இருக்கும். அன்று அவ்விளக்கும் எரிவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே அறிவிப்பதே அடையாள விளக்கின் வேலை. இத்தகைய விளக்குகள் கணிப்பொறியிலும் உண்டு. அவற்றை ஏற்றுவதும் அணைப்பதும் யார்? ஒரு பழைய கணிப்பொறியைக் கொண்டு இதை அறிவோமா?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரின் ஏக்கார்ன் நிறுவனம் 1981ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ என்பதே அது. மக்களிடையே கணிப்பொறி அறிவைப் பரப்ப பி.பி.சி. நிறுவனம் மேற்கொண்ட திட்டத்திற்காக உருவானது. 1984இல் நம் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வாயிலாக நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றிற்கும் வந்து சேர்ந்தது. அதன் ‘பி’ வகையின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே!

அதன் விசைப்பலகையில் மூன்று சிறு விளக்குகள் உண்டு. ஒன்று கேசட் மோட்டாருக்கு; மற்றவை கேப்ஸ் லாக், ஷிப்ட் லாக் என்னும் விசைகளுக்கு. ‘*மோட்டார் 1’ என்று ஆணையிட்டால் உள்ளே ரிலே ‘டிக்’ என ஒலிக்கும், விளக்கும் எரியும். ‘*மோட்டார் 0’ என்றால் இரண்டும் நிற்கும். இங்கே செயலும் விளக்கும் இணைபிரியாத் தோழியர்.

மற்ற இரண்டின் கதை வேறு. 65088 என்னும் முகவரிக்கு நாம் அனுப்பும் எண், எட்டு வாயில்கள் கொண்ட ஒரு சில்லைச் சென்றடைகிறது. வாயில்களின் எண்கள் 0 முதல் 7 வரை. ஆறாம் வாயிலில் கேப்ஸ் லாக் விளக்கு. ஏழாம் வாயிலில் ஷிப்ட் லாக் விளக்கு. பேசிக் மொழியில் ?65088=6 என்று எழுதினால் முதல் விளக்கு எரியும். எட்டைக் கூட்டி ?65088=14 என்றால் அணையும். அவ்வாறே 7 ஏற்றும், 15 அணைக்கும்.

எட்டைக் கூட்டினால் அணைவது ஏன்? எட்டைக் கூட்டும்போது அவ்வாயிலின் மின்னழுத்தம் உயர்கிறது. விளக்கின் மறுமுனையோ எப்போதும் உயர்ந்த அழுத்தத்திலேயே இருக்கிறது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே பாயும்? இருபுறமும் சமமானால் மின்சாரம் பாயாது, விளக்கு அணையும். ஏற்றும் ஆணை, அரை நொடி இடைவெளி, அணைக்கும் ஆணை, மீண்டும் இடைவெளி என மாறி மாறி எழுதினால் விளக்கு மின்மினிபோல் கண்சிமிட்டும். ஆனால் கவனம் தேவை! 4, 5 ஆம் வாயில்கள் திரைக்குரியவை. எண் தவறினால் ஆணை வேறு வாயிலுக்குப் போய்விடும்.

இதில் வியப்பு ஒன்றுண்டு. ?65088=6 என்னும் ஆணை விளக்கை மட்டுமே தொடுகிறது; பூட்டைத் தொடுவதில்லை. பூட்டு இல்லாதபோதும் விளக்கு ‘பூட்டியுள்ளது’ என்று கூறும். நம்பித் தட்டச்சு செய்தால் சிறிய எழுத்துகளே திரையில் தோன்றும். விளக்கு பொய் சொல்லிவிட்டது! உண்மையில் அது பொய் சொல்லவில்லை. நாம்தான் அதைச் சொல்ல வைத்தோம்.

இதற்கு மருந்தும் உண்டு. பூட்டின் உண்மை நிலை நினைவகத்தில் தனியே ஓர் எண்ணாக இருக்கிறது. ‘*எஃப்எக்ஸ் 202,32’ என்றால் கேப்ஸ் லாக் மெய்யாகவே பூட்டும். ‘*எஃப்எக்ஸ் 202,48’ என்றால் இரு பூட்டுகளும் திறக்கும். அதன்பின் ‘*எஃப்எக்ஸ் 118’ என்றால் கணிப்பொறி உள்நிலையைப் பார்த்து, அதற்கேற்ப விளக்குகளைத் திருத்தும். முதலில் உள்ளம், பிறகு ஒளி என்பதே அறிந்தோர் கையாளும் முறை.

மருத்துவமனைக் கருவியிலும் இரயில் பாதையிலும் சிறு விளக்குகளை நம்பியே மனிதர் உயிர் வாழ்கின்றனர். நாளை நம்மில் யாரேனும் அவற்றுக்கு ஆணை எழுதக்கூடும். அப்போது விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு நிறைவு கொள்ளாதிருப்போம். நம் முகத்தின் புன்னகையும் ஓர் அடையாள விளக்கே. அதுவும் உள்ளத்தில் உள்ளதையே சொல்லட்டும்!