வாக்குச்சீட்டின் எடை

கிள்ளான் வாக்காளர்க்கும் பிரிக்பீல்ட்ஸ் வாக்காளர்க்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. முன்னவர்க்கு நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சிலாங்கூர்ச் சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு வாக்குகள். பின்னவர்க்கு நாடாளுமன்ற வாக்கு ஒன்று மட்டுமே. இரண்டு ஊருக்கும் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவுதான். இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது என்று மாணவன் வினவினால், தேர்தல் வரலாறு முழுவதையுமே அவனுக்குச் சொல்ல வேண்டிவரும்.

கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்துக்கு 1952 பிப்ரவரியில் தேர்தல் நடைபெற்றது. இருந்த இடங்கள் 12. அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து அவற்றுள் 9 இடங்களைப் பெற்றன. ம.இ.கா. அப்போது டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சியை ஆதரித்தது. அக்கட்சிக்குக் கிட்டியவை இரண்டே. காற்று எப்பக்கம் வீசுகிறது என்பது தெளிவாயிற்று. 1954இல் ம.இ.கா.வும் கூட்டணியில் சேர்ந்தது.

1955 ஜூலை 27இல் மலாயாக் கூட்டரசின் சட்டசபைக்கு முதல் தேர்தல் வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த 52 இடங்களில் 51ஐப் பாய்மரக் கப்பல் சின்னத்தில் நின்ற கூட்டணி கைப்பற்றியது. ஆயினும் அன்றைய வாக்காளர் பட்டியலை விரித்துப் பார்த்தால் நெஞ்சம் கனக்கும். பதிவு பெற்றோர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம். அவருள் இந்தியர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. மக்கள்தொகையிலோ இந்தியர் நூற்றுக்குப் பதினொருவர். பால்மரக் காட்டில் வாழ்நாளைக் கழித்தவர்க்குப் பிரஜாவுரிமை இல்லை; அஃதில்லாதார்க்கு வாக்கும் இல்லை. 1957இல் பிரஜாவுரிமை விதிகள் தளர்ந்தன. மெர்டேக்கா நாளுக்குப் பின் இம்மண்ணில் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே பிரஜைகளாயினர். முன்பே பிறந்தவர்களோ விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கத் தவறியவரும், சான்று காட்ட இயலாதவரும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டனர். அத்துயரம் அவர்தம் மக்கள் சிலரையும் தொடர்ந்தது.

சுதந்திர நாட்டின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1959 ஆகஸ்டு 19இல் 104 தொகுதிகளில் நடைபெற்றது. கிள்ளானில் கூட்டணியின் வெ. மாணிக்கவாசகமும், பங்சாரில் சோஷலிஸ்ட் முன்னணியின் தொழிற்சங்கவாதி வி. டேவிட்டும் வென்றனர். 1964இல் பங்சாரை வென்றவர் மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயர். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரானவரும் இவரே. நகரத் தமிழர் ஒரே கட்சியின் பின்னே திரண்டு நின்றனர் என்பார் இவ்விரு முடிவுகளையும் நோக்குவாராக.

அக்காலத்துக் கோலாலம்பூர்வாசி நகராண்மைக்கும் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களித்தான். 1960ஆம் ஆண்டின் தலைநகர்ச் சட்டத்தால் முதல் வாக்குப் போயிற்று. பிற ஊர்களின் உள்ளாட்சித் தேர்தல்களும் 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிந்தன. மோதல் எப்போதோ முடிந்துவிட்டது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை. 1974 பிப்ரவரி முதல் நாள் தலைநகர் சிலாங்கூரினின்றும் பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானபோது சட்டமன்ற வாக்கும் அகன்றது. மூன்று ஒன்றானது இவ்வாறே.

தொகுதியில் மிகுதியான வாக்கைப் பெறுபவரே உறுப்பினர். பாதிக்கு மேல் பெற வேண்டுவதில்லை. ஆதலால் நாடு முழுவதும் பெற்ற வாக்குக்கும் கிடைக்கும் இடத்துக்கும் பொருந்தாமை நேர்கிறது. 2013இல் தேசிய முன்னணி நூற்றுக்கு 47 வாக்கே பெற்றும் 222இல் 133 இடங்களை அடைந்தது. நூற்றுக்கு 51 வாக்கு பெற்ற எதிரணிக்கு வாய்த்தவை 89.

தொகுதிப் பருமன் இதனினும் பெரிய சிக்கல். தொகுதிகளிடையே வாக்காளர் தொகை நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வேறுபடலாகாது என்று 1957ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் வரம்பிட்டிருந்தது. நாட்டுப்புறத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியளவு இருக்கலாம் என 1962இல் அவ்வரம்பு தளர்த்தப்பட்டது. 1973இல் பாதி என்ற எல்லையும் நீங்கிற்று. போக்குவரத்து அரிதான உட்பகுதிகட்குச் சலுகை வேண்டும் என்பது நியாயமே. ஆனால் 2022இல் சிலாங்கூரின் பாங்கித் தொகுதியில் 3,03,430 வாக்காளர். சரவாக்கின் ஈகான் தொகுதியில் 28,290. இரண்டுக்கும் உறுப்பினர் ஒருவரே. ஈகான் வாக்கு ஒன்று பாங்கி வாக்குப் பத்துக்குச் சமம் என்றால், அதனைச் சலுகை என்று கூறுவது கடினம்.

அண்மை மாற்றங்களுள் பெரிது 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆயிற்று. பதிவும் தானே நிகழ்கிறது. 2018இல் 1 கோடி 49 லட்சமாக இருந்த பட்டியல் 2022 நவம்பரில் 2 கோடி 11 லட்சமாயிற்று. அத்தேர்தலில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 இடங்கள் எந்த அணிக்கும் கிட்டவில்லை.

தானே பதியும்போது அடையாள அட்டையின் முகவரியே தொகுதியைத் தீர்மானிக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டுக் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ குடியேறிய குடும்பத்தின் பிள்ளை, அட்டையில் பழைய தோட்டத்தின் பெயரை வைத்திருந்தால், அவன் வாக்கு அத்தோட்டம் இருந்த தொகுதியிலேயே விழும். பட்டியலில் ஏறிய பின்னர் அட்டையின் முகவரியை மட்டும் மாற்றினால் போதாது; தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடமும் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.