நேர்குடற் கட்டியும் வயிற்றைக் கீறாத சத்திரசிகிச்சையும்

மருதமுனையிலே நாள் முழுவதும் தறியின் முன் அமர்ந்து நெய்யும் ஒருவர், மலத்தோடு இரத்தம் செல்வதைக் காண்கிறார் எனக் கொள்க. இருந்து செய்யும் தொழிலால் வந்த மூலவியாதி என்றே அவர் எண்ணுவார். பரியாரியாரிடம் மருந்து வாங்குவார், உறைப்பைக் குறைப்பார், வீட்டாரிடங்கூடச் சொல்ல நாணுவார். பெரும்பாலும் அவர் எண்ணம் சரியாகவே இருக்கும். ஆனால், அதே இரத்தம் நேர்குடலில் தோன்றிய கட்டியின் முதல் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். இவ்விரண்டையும் பரிசோதனையின்றிப் பிரித்தறிதல் எவர்க்கும் இயலாது.

பெருங்குடலின் கடைசிப் பகுதியே நேர்குடல். ஏறக்குறைய 15 சதமமீற்றர் நீளமுடையது. மலத்தைத் தேக்கி வைத்து, வேளை வரும்போது வெளியேற்றுவது அதன் பணி. அதன் வாயிலிலே காவலாளிபோல் நிற்பது சுருக்குத்தசை. 1908ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஏர்னெஸ்ட் மைல்ஸ் விவரித்த சத்திரசிகிச்சையில், நேர்குடலும் இக்காவலாளியும் சேர்ந்தே அகற்றப்பட்டன. உயிர் பிழைத்தவர், வயிற்றில் இட்ட துவாரத்தின் வழியே மலத்தைப் பையில் ஏந்தி வாழ வேண்டியதாயிற்று.

ஐவேளையும் வுழூச் செய்து தொழும் மக்கள் வாழும் ஊர்களில் அந்தப் பை பேரச்சம் தருவது இயல்பே. இத்தகைய நோயாளிக்கு மார்க்கச் சட்டம் சலுகை அளித்திருக்கிறது. எனினும், அச்சமும் நாணமும் பலரை வைத்தியரிடம் செல்லாது தடுக்கின்றன.

ஆயின், ஆரம்ப நிலையிலுள்ள கட்டிக்கு வேறொரு வழி உண்டு. ஜேர்மானிய நிபுணர் கெர்கார்ட் பியூஸ் 1983ஆம் ஆண்டளவில் அதனை அறிமுகப்படுத்தினார். 4 சதமமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குழாயைக் குதத்தின் வழியே செலுத்தி, காபனீரொட்சைட்டு வாயுவினால் நேர்குடலை விரியச் செய்வர். உருப்பெருக்கும் கண்ணாடியினூடாகக் கட்டியைத் தெளிவாகக் கண்டு, சுற்றிலும் நல்ல தசையில் ஓர் ஓரம் விட்டு, குடற்சுவரின் முழுத் தடிப்பையும் வெட்டியெடுப்பர். பின்பு காயத்தைத் தைத்து மூடுவர். வயிற்றிலே கீறல் இல்லை. காவலாளியும் தன் இடத்திலேயே நிற்கிறான். 2010இல் அமெரிக்க மருத்துவர்கள், மிருதுவான வாயில் ஒன்றைப் பொருத்தி, வயிற்றறைச் சத்திரசிகிச்சைக்கான சாதாரண கருவிகளைக் கொண்டே இதனைச் செய்யும் முறையை வெளியிட்டனர்.

இது எல்லார்க்கும் உரியதன்று. புற்றுநோய்க் கட்டியாயின், அது பொதுவாக 3 சதமமீற்றருக்குக் குறைந்ததாய், குடற்சுற்றளவில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாததாய், தசைப்படையை ஊடுருவாததாய் இருத்தல் வேண்டும். அத்தகைய கட்டியிலும், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, அயலிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருக்கலாம். அக்கணுக்கள் இம்முறையால் அகற்றப்படுவதில்லை. ஆதலால், வெட்டியெடுத்த பாகத்தை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, தீய குறிகள் தென்படின் பெரிய சத்திரசிகிச்சையைச் செய்யவேண்டி வரும். அவ்வாறு நேராதவரும் பல ஆண்டுகள் தவறாது பரிசோதனைக்குச் செல்லவேண்டும்.

வயலிலே களை முளைத்தவுடன் பிடுங்க விரல் போதும். வேரோடியபின் மண்வெட்டி வேண்டும். மலத்துடன் இரத்தமோ சளியோ செல்லுதல், மலங்கழிக்கும் வழக்கம் மாறுதல், கழித்தபின்னும் மிச்சமிருப்பதுபோல் தோன்றுதல் ஆகியவை சில வாரம் நீடித்தால் வைத்தியரை நாடவேண்டும். விரலாற் செய்யும் பரிசோதனை சில நிமிடத்தில் முடிவது. தேவையெனின், குடல்நோக்கிக் கருவி, காந்தப் படம் முதலிய பரிசோதனைகள் தொடரும்.

கல்முனையிலே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும், வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. மட்டக்களப்பிலே போதனா வைத்தியசாலையும், மகரகமவிலே புற்றுநோய்க்கென அமைந்த அபேக்ஷா வைத்தியசாலையும் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. பைக்கு அஞ்சிக் காலந் தாழ்த்துபவரே, அந்தப் பையைத் தவிர்க்கும் வாய்ப்பையும் இழந்துவிடுகிறார். நாணத்தை விட்டு உரிய காலத்தில் வாய்திறந்து சொல்வதே இச்சிகிச்சையின் முதற் படியாகும்.